கொழுந்தும் இரும்பும்

கொழுந்து பறிக்கும் பெண்களின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ஒரு கறுப்புக் கறை இருக்கும். தோல் வெடிப்புகளுக்குள் இறங்கிய கறை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. கிள்ளிய காம்பில் கசியும் சாறு நிறமற்றதுதான். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அது கபிலமாகி, பிறகு கறுத்து, தோலின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. இந்தக் கறைக்குக் காரணம் பல்பீனோல்கள் என்ற சேர்மங்கள். கொழுந்தின் உலர் நிறையில் ஏறத்தாழ 30 வீதம் இவைதான். மாரடைப்பைத் தடுக்கும், புற்றுநோயை எதிர்க்கும், முதுமையைத் தள்ளிப்போடும் என்றெல்லாம் நுவரெலியா வீதியோரக் கடைகளின் தேயிலைப் பொதிகள் தொடங்கி மருத்துவ சஞ்சிகைகள் வரை பேசப்படுவதும் இவற்றைப் பற்றித்தான். இவை மனித உடலில் செயற்படுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவை மிக உறுதியாகச் செய்யும் வேலை, பொதியில் அச்சிட்டிருக்கும் வேலை அல்ல. அந்த வேலை இதயத்தில் நடப்பதில்லை, குடலில் நடக்கிறது. உணவோடு வரும் இரும்பை அங்கே இவை கட்டிப்போடுகின்றன. அதனால் நன்மை பெறும் சிலர் உலகில் உண்டு. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் லயங்களில் வாழும் பெண்கள் அந்தச் சிலருக்குள் அடங்கமாட்டார்கள். இந்த அத்தியாயத்தின் வாதம் இவ்வளவே. இதற்கான சான்றுகளையும், இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்ப்போம்.

முதலில் செடியின் பக்கத்திலிருந்து. மனிதர்களின் இதயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் செடியும் இரசாயனம் தயாரிப்பதில்லை. புற ஊதாக் கதிரைத் தாங்கவும், இலை தின்னும் பூச்சிக்குத் தன்னைச் சுவையற்றதாக்கவும், பூஞ்சணத்தை எதிர்க்கவும் தேயிலைச் செடி பல்பீனோல்களை உண்டாக்குகிறது. இவற்றில் பெரும்பகுதி கட்டெச்சின்கள் என்ற குடும்பம். ஜப்பானிய விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா 1929இல் பச்சைத் தேயிலையிலிருந்து கட்டெச்சினைப் பிரித்தெடுத்தார். குடும்பத்தின் மூத்த பிள்ளையின் பெயர் நீளமானது: எபிகலோகட்டெச்சின் கலேற்று. ஆய்வுக்கூடங்களில் அதை ஈ.ஜி.சி.ஜி. என்று சுருக்கிவிடுவார்கள். இலையின் கலத்துக்குள் கட்டெச்சின்கள் ஒரு அறையிலும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் வேறொரு அறையிலும் இருக்கின்றன. இலை நசுங்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டி, கீழே இறக்கி உருட்டும்போதுதான் அறைச் சுவர்கள் உடைகின்றன. பச்சைக் கொழுந்து செம்பு நிறத்துக்கு மாறி, பழம் போன்றதொரு வாசனை எழும் அந்த ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் கட்டெச்சின்கள் ஒன்றோடொன்று கூடித் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற பெரிய மூலக்கூறுகளாகின்றன. தேத்தண்ணியின் செந்நிறப் பளபளப்பைத் தருவது முன்னது. கடுப்பையும் கபில நிறத்தையும் தருவது பின்னது. ஆறவிட்ட கடும் சாயம் கலங்கிப்போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தியாஃபிளேவினும் கஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று பிணைவதால் வரும் கலங்கல் அது. சுவைஞர்கள் அதைக் குறையாகக் கருதுவதில்லை, நல்ல தேயிலைக்கு அடையாளம் என்பார்கள். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து, இந்த மாற்றத்தை எவ்வளவு நேரத்தில், எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பது மலையகத்தின் பொருளாதாரக் கேள்விகளுள் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது பிணைதல். தோலின் புரதத்தோடு, எச்சிலின் புரதத்தோடு, கஃபீனோடு, உலோகத்தோடு என்று கிடைத்ததோடெல்லாம் பிணைவதுதான் பல்பீனோல்களின் சுபாவம். நாக்கில் துவர்ப்பு என்று நாம் உணர்வதே எச்சிலின் புரதங்களை இவை பற்றிக்கொள்வதால்தான். கடலிலும் இதே கதை உண்டு. கபில நிறக் கடற்பாசிகள் ஃபுளோரோடனின் என்ற வேறொரு வகைப் பல்பீனோலை உண்டாக்குகின்றன. தேயிலையின் கட்டெச்சினுக்கும் அதற்கும் கட்டமைப்பில் உறவு குறைவு. குணத்தில் உறவு அதிகம். தன்னை மேயும் நத்தைக்கு எதிராகவும் வெயிலுக்கு எதிராகவும் பாசி அதைப் பயன்படுத்துகிறது. சோதனைக் குழாயில் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்களை அது தடுக்கிறது என்பதை வைத்து, நீரிழிவுக்கு மருந்து வருகிறது என்ற செய்தியும் அவ்வப்போது வருகிறது. ஆனால் எந்தப் புரதத்தைக் கொடுத்தாலும் பற்றிக்கொள்ளும் ஒரு பொருள், குறிப்பிட்ட ஒரு நொதியத்தையும் பற்றிக்கொண்டது என்பதில் பெரிய வியப்பு இல்லை. மருந்தாக்குவோர் தேடுவது ஒன்றை மட்டும் பற்றும் மூலக்கூறை. மலையின் இலையானாலும் கடலின் பாசியானாலும் இந்தத் தடையைத் தாண்டித்தான் மருந்தாக வேண்டும்.

தேயிலைக்கு மருத்துவப் புகழ் எப்படி வந்தது? 1993இல் நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரத்து முதியவர்கள் 805 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. உணவில் பிளேவனொயிட்டு என்ற பல்பீனோல் வகையை அதிகம் உட்கொண்டவர்களிடையே இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. அந்தப் பிளேவனொயிட்டில் பெரும்பங்கு தேநீரிலிருந்து வந்தது. உலகம் முழுவதும் தேயிலை வியாபாரிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடைத்திருக்காது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் முதன்மையானவரே 1997இல் வேல்ஸ் நாட்டின் கேர்ஃபிலி நகரத்து ஆண்களைப் பற்றிய முடிவையும் வெளியிட்டார். அங்கும் பிளேவனொயிட்டின் முக்கிய ஊற்று தேநீர்தான். பலன் எதுவும் தெரியவில்லை. அதிகம் குடித்தவர்களிடையே மரணம் சற்றுக் கூடுதலாகக்கூட இருந்தது. வேல்ஸ் தொழிலாளியும் நெதர்லாந்து முதியவரும் குடித்தது ஏறத்தாழ ஒரே பானம். வேறுபட்டது அவர்களின் வாழ்க்கை. நெதர்லாந்தில் தேநீர் குடிப்பவர் பெரும்பாலும் படித்தவர், புகைத்தல் குறைந்தவர். வேல்ஸில் அதிகம் தேநீர் குடித்தவர் உடலுழைப்பாளி. கோப்பைக்குள் இருப்பதை அளக்கிறோம் என்று நினைத்து, கோப்பையைப் பிடித்திருப்பவரின் வர்க்கத்தை அளந்துவிடும் ஆபத்து இந்தவகை ஆய்வுகளில் எப்போதும் உண்டு.

பிரித்தானியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு இதைவிட வலுவானது. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடிப்பவர்களிடையே மரண ஆபத்து 9 முதல் 13 வீதம் குறைவாக இருந்தது என்று அது சொன்னது. புகைத்தல், வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் நின்ற வித்தியாசம் அது. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனாலும் அது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, காரணத்தை நிறுவவில்லை. பச்சைத் தேயிலையும் புற்றுநோயும் பற்றிய ஆய்வுகள் அத்தனையையும் 2020இல் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடு, 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 142 ஆய்வுகளுக்குப் பிறகும் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றே எழுதியது. அவ்வளவு பேரிடம் தேடியும் தெளிவாகத் தென்படாத ஒரு பலன், இருந்தாலும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் சிறியது என்பதற்கு உடலியல் விடை தருகிறது. 'எதிர் ஒட்சியேற்றி' என்ற சொல்லைப் பொதிகளில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஒரு பொருள் எவ்வளவு எதிர் ஒட்சியேற்றி என்று சோதனைக் குழாயில் அளந்து, உணவுகளுக்குப் புள்ளி போட்டு, அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஒரு பட்டியலை வைத்திருந்தது. அந்தப் புள்ளிகளுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்லி 2012இல் அதே திணைக்களம் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சில கோப்பைத் தேநீர் குடித்த பிறகும் இரத்தத்தில் ஈ.ஜி.சி.ஜி.யின் செறிவு பொதுவாக லீற்றருக்கு ஒரு மைக்ரோமோலை எட்டுவதில்லை. புற்றுநோய்க் கலங்களைக் கொன்றதாக வரும் ஆய்வுக்கூடச் செய்திகளில் பல, அதைப்போல் பத்து மடங்கும் நூறு மடங்கும் செறிவைப் பயன்படுத்தியவை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கலங்களை வளர்க்கும் ஊடகத்தில் ஈ.ஜி.சி.ஜி. தானாகவே ஒட்சியேறி ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்கும். கலங்கள் செத்தது தேயிலையின் நுட்பமான மருத்துவ குணத்தாலா, வெறும் பரவொட்சைட்டாலா என்று பிரித்தறியாமலே எழுதப்பட்ட கட்டுரைகள் குறைவல்ல.

அப்படியானால் தேயிலையிலிருந்து மருந்தே வரவில்லையா? ஒன்று வந்தது. பச்சைத் தேயிலைக் கட்டெச்சின்களால் செய்த பூச்சுமருந்து ஒன்றுக்கு 2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. தாவரச் சாறுகளுக்கென்று அந்த நிர்வாகம் வகுத்த வழிமுறையில் அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். பாலுறுப்புப் பகுதியில் வைரசால் வரும் மருக்களுக்கு அதைப் பூசுகிறார்கள். குடிப்பதற்கல்ல. இந்த விவரம் முக்கியமானது: கட்டெச்சின்கள் குடல் வழியே இரத்தத்துக்குப் போய், அங்கிருந்து உறுப்புக்குப் போக வேண்டிய நீண்ட பயணம் இதில் இல்லை. அதிக செறிவில், தேவைப்படும் இடத்தின்மேலேயே வைக்கப்படுகின்றன. பல்பீனோல்கள் உள்ளே உறிஞ்சப்படாமல், தொட்ட இடத்திலேயே வேலை செய்யும்போதுதான் பலசாலிகள். நாம் குடிக்கும் தேத்தண்ணியில் இருப்பவை உறிஞ்சப்படாமல் அதிக செறிவில் நிற்கும் இடம் எது? வயிறும் சிறுகுடலும்.

அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சும் முறை தமிழர்களுக்குப் பழையது. அன்னபேதி என்பது இரும்பின் சல்பேற்று. கடுக்காய் பல்பீனோல்களின் களஞ்சியம். இரண்டும் கலந்ததும் கறுக்கிறது, பிறகு எளிதில் கரைவதில்லை. சித்த மருத்துவத்தில் சோகைக்குத் தரும் அன்னபேதிச் செந்தூரத்துக்கு மூலப்பொருளும் அதே அன்னபேதிதான். தாய்சேய் கிளினிக்கில் இன்று கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புக் குளிகைகளில் பரவலாக இருப்பதும் அதே ஃபெரஸ் சல்பேற்று. அந்தக் குளிகையைத் தூளாக்கிச் சாயத் தண்ணியில் போட்டால் கோப்பைக்குள் மை உண்டாவதைக் கண்ணால் காணலாம். உணவு மேசையில் நடப்பதும் இதுவே; கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் டிஸ்லரும் சகாக்களும் 1975இல் இதை மனிதர்களிடம் அளந்து காட்டினார்கள். இரும்பு உப்புக் கரைசலானாலும், பாணானாலும், சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சேர்ந்த உணவானாலும், கூடவே தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது குறைந்தது. சமைத்த இரத்தத்தின் இரும்பு மட்டும் தப்பித்தது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஈம் என்ற கூட்டுக்குள் அடைபட்டிருப்பதால் பல்பீனோலின் கைக்கு அகப்படுவதில்லை. அரிசி, கோதுமை மா, பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

1999இல் சுவிற்சர்லாந்தின் ஹறல் குழு இதை இன்னும் நுட்பமாக அளந்தது. பாண் உணவோடு வெவ்வேறு பானங்களைக் கொடுத்தார்கள். 20 முதல் 50 மில்லிகிராம் பல்பீனோல் உள்ள பானம் இரும்பு உறிஞ்சலை 50 முதல் 70 வீதம் குறைத்தது. 100 முதல் 400 மில்லிகிராம் இருந்தால் குறைவு 60 முதல் 90 வீதம். கறுப்புத் தேநீர் பட்டியலின் உச்சியில் நின்றது: 79 முதல் 94 வீதம். பால் சேர்த்தால் தப்பலாமா என்றும் பார்த்தார்கள். பாலால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் இலட்சக்கணக்கானோரைத் தொடர்ந்து பார்த்தும் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஒரு சில டசின் பேர் போதுமாயிருந்தது. விளைவு பெரிதாக இருக்கும்போது ஆய்வு சிறிதாக இருந்தாலும் தெரிந்துவிடும்.

இப்போது இந்த எண்களை லயத்துக்குள் கொண்டுவருவோம். மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் இரும்பை இழக்கிறது. அதை உணவிலிருந்து உறிஞ்சி ஈடுசெய்ய வேண்டும். கோதுமை மா ரொட்டியும் சம்பலும், சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் பிரதானமான சாப்பாட்டில் உள்ள இரும்பில் நல்ல நிலைமையிலும் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளை உணவில் 6 மில்லிகிராம் இரும்பு இருந்தால் உடலுக்குச் சேர்வது 0.6 மில்லிகிராம். அந்த ரொட்டியோடு சாயம் ஏறிய ஒரு கோப்பைத் தேத்தண்ணி சேர்ந்தால் அது 0.2க்குக் கீழே இறங்கலாம். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் ரொட்டியும் தேத்தண்ணியும், மலையில் பத்து மணிக்குத் தேத்தண்ணி, பகல் சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி என்று போகும் நாளில், இரும்பு தனியாகக் குடலைக் கடக்கும் வேளை அரிதாகவே வாய்க்கிறது. தோட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் தூள். தூளின் மேற்பரப்பு அதிகம் என்பதால் சாயமும் பல்பீனோலும் சட்டென்று இறங்கும். ஏற்றுமதிக்குப் போகும் முழு இலையைவிட இது கடுப்பானது.

இரும்பு குறைந்த இரத்தம் கொழுந்துக் கூடையில் எப்படித் தெரியும் என்பதற்கும் இலங்கையிலேயே சான்று இருக்கிறது. லொஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து எஜர்டன் குழுவினரும் இலங்கை மருத்துவர்களும் சேர்ந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இரும்புக் குளிகை, மறு பகுதியினருக்கு மருந்தில்லாத போலிக் குளிகை. ஒரு மாதத்துக்குப் பிறகு கொழுந்து நிறுவையைப் பார்த்தார்கள். ஈமோகுளோபின் ஏறியவர்கள் பறித்த கொழுந்து கணிசமாகக் கூடியிருந்தது. மிக மோசமான சோகையோடு தொடங்கியவர்களிடம், அதாவது ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் இருந்தவர்களிடம், முன்னேற்றம் இன்னும் அதிகம். வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்களின் நடமாட்டம் கூடியதை உடலில் பொருத்திய கருவிகள் காட்டின. 12 கிராமுக்குக் கீழே போனாலே சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதன் பாதியில் நின்றுகொண்டு ஒரு பெண் செங்குத்தான மலையில் ஏறி, நிறுவைக்கு ஏற்ற கொழுந்தும் பறித்திருக்கிறாள். அவளைச் சோம்பேறி என்று திட்டிய கங்காணிகளும் இருந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். சோகைக்குத் தேத்தண்ணியா காரணம்? கொழுக்கிப்புழு இல்லையா? வறுமை இல்லையா? அடுத்தடுத்த பிரசவங்கள் இல்லையா? உண்மைதான். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்த தோட்ட மக்களின் குருதியைக் கொழுக்கிப்புழு உறிஞ்சியது பழைய கதை; ரொக்ஃபெலர் மன்றத்தின் புழு ஒழிப்பு வேலை 1916இல் இலங்கையில் தொடங்கியதே தோட்டங்களை முன்வைத்துத்தான். தட்டில் என்ன இருக்கிறது என்பதும் அடிப்படையான காரணம். 2016ஆம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். இந்த இடைவெளியைத் தேயிலைச் சாயம் உண்டாக்கவில்லை. தலைமுறைகளாகத் தொடரும் குறைந்த கூலி உண்டாக்கியது. எனவே சோகைக்குத் தேத்தண்ணிதான் காரணம் என்பது என் கட்சியல்ல. இழப்பு அதிகமாகவும் வரவு குறைவாகவும் இருக்கும் ஒரு கணக்கில், வருகிற கொஞ்சத்தையும் வாசலிலேயே மறிப்பது எதுவோ அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். மற்றக் காரணங்கள் கடுமையாக இருப்பதாலேயே இதுவும் கனக்கிறது.

இரண்டாவது மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது, அது இன்னும் கூர்மையானது. ஒரு வேளை உணவில் அளந்ததை வைத்து வாழ்நாள் நிலையைச் சொல்லலாமா? இரும்பு குறைந்தால் உடல் தானே உறிஞ்சலைக் கூட்டிக்கொள்ளாதா? பிரான்சில் ஆயிரக்கணக்கானோரைப் பார்த்த ஆய்வொன்று 2007இல், தேநீர் குடிப்பதற்கும் உடலின் இரும்புச் சேமிப்புக்கும் தொடர்பில்லை என்றே சொன்னது. மேலைநாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் 2002இல் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அதே தொகுப்பு ஒரு விலக்கையும் குறித்தது: இரும்பு நிலை ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்களிடம் தேநீருக்கும் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு தென்பட்டது. முரண்பாடு போலத் தோன்றும் இது முரண்பாடல்ல. இறைச்சியும் பழமும் நாளாந்தம் உண்ணும் பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஈம் இரும்பு வேறு வழியில் வந்துவிடுகிறது. தேநீர் மறிப்பது அவளுக்கு உபரியை. உடல் உறிஞ்சலைக் கூட்டிக்கொள்ளும் என்பது சரி. ஆனால் குடலில் கரைந்த நிலையில் இருக்கும் இரும்பைத்தான் அது கூட்டி எடுக்க முடியும். பல்பீனோலோடு சேர்ந்து மையாகிவிட்டதை எந்த உடலாலும் எடுக்க முடியாது.

மறிப்பதையே மருந்தாக்கிய இடமும் உண்டு. இரும்பை அளவுமீறி உறிஞ்சிச் சேமித்துக்கொள்ளும் பரம்பரை நோய் ஒன்று, ஈமோகுரோமற்றோசிஸ், ஐரோப்பியரிடையே பரவலானது. ஈரலும் இதயமும் இரும்பால் கெடும். குறித்த இடைவெளிகளில் இரத்தம் எடுத்துவிடுவதே சிகிச்சை. ஜெர்மனியில் 18 நோயாளிகளை வைத்து நடத்தி 1998இல் வெளியான ஆய்வொன்றில், உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தவர்களிடம் இரும்பு சேரும் வேகம் குறைந்தது. ஆக, ஒரே இலை, ஒரே கோப்பை, ஒரே வினை. ஜெர்மன் நோயாளிக்குச் சிகிச்சை, மஸ்கெலியா கர்ப்பிணிக்கு இழப்பு. 'மருத்துவ குணமுடையது' என்று ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும்போது யாருக்கு, எந்த வேளையில் என்பதைச் சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் முடியவே இல்லை. அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டெச்சினைச் செறிவாக்கிக் குளிகையாக விற்பதைப் பரிசீலித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, நாளுக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. அல்லது அதற்கு மேல் எடுப்பவர்களின் ஈரல் நொதியங்கள் உயர்வதைச் சுட்டி 2018இல் எச்சரித்தது. கோப்பையில் அவ்வளவு பயமில்லை. போத்தலில் அடைத்த குளிகைதான் பிரச்சினை.

கடற்பாசியின் பக்கம் ஒருமுறை திரும்பினால், யாருக்கு, எவ்வளவு என்ற கேள்விக்குச் சரியாக விடை கிடைத்த ஒரு பொருளைக் காணலாம். 1811இல் பிரான்சில் பேர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார், அது அயடீன். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்குக் கொடுத்துப் பார்த்தார். பெருமழை மண்ணின் அயடீனைக் கழுவிக்கொண்டுபோகும் இலங்கையின் ஈரவலயத்தில் கழலை நெடுங்காலம் சாதாரணமாகக் காணப்பட்ட நோய். 1995இல் விற்பனைக்கு வரும் உப்பில் அயடீன் கட்டாயமாக்கப்பட்டது. யாரும் கடற்பாசி தின்னவில்லை, அயடீனின் மகிமையைப் பொதியில் அச்சிட்டு அதிக விலைக்கு விற்கவுமில்லை. குறைபாடு எங்கே என்று கண்டு, அளவு எவ்வளவு என்று கணக்கிட்டு, எல்லா அடுப்படிக்கும் போகும் ஒரு பொருளில் அரசு அதைச் சேர்த்தது. ஆரவாரமில்லாத இந்த வழிதான் மலையகத்து மக்களின் உடலுக்குப் பயன்பட்ட கடற்பாசி அறிவியல்.

கடைசியாக ஒரு மறுப்பு, இது அறிவியலைவிட நியாயத்தைச் சார்ந்தது. குளிரில், மழையில், பாதி வயிற்றோடு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சூடும் சீனியும் தருவது தேத்தண்ணி ஒன்றுதான். அதையும் விடச் சொல்வதா? அந்தத் தேயிலையைப் பறித்துத் தருபவர்களுக்கே தேத்தண்ணி ஆகாது என்று நகரத்திலிருந்து புத்தி சொல்வதா? இந்தக் கோபம் சரியான கோபம். நல்லகாலமாக, விடச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 12 பெண்களை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், இரும்பு சேர்த்த கஞ்சியோடு கூடவே தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சல் 37 வீதம் அளவுக்குக் குறைந்தது. உணவுக்கு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தபோது அந்த இழப்பு பெரும்பாலும் இல்லாமற் போனது. பல்பீனோலும் இரும்பும் குடலில் சந்திக்காவிட்டால் வழக்கு இல்லை. விற்றமின் சி இன்னொரு துணை. அது இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு இரும்புக் குளிகையோடு விற்றமின் சி குளிகையும் தருவதன் காரணம் இதுதான். சம்பலிலும் கீரையிலும் அடுப்பை விட்டு இறக்கிய பிறகு பிழியும் தேசிக்காயும், கையளவு நெத்தலிக் கருவாடும் இதே வேலையை இன்னொரு விதத்தில் செய்கின்றன. மீன் தன் இரும்பைத் தருவதோடு, கூட இருக்கும் ரொட்டியின் இரும்பையும் உள்ளே கொண்டுபோக உதவும்.

ஆனால் காலைப் பெரட்டுக்கு முன் ஒரு மணித்தியாலம் காத்திருக்கத் தோட்டத்துப் பெண்ணுக்கு நேரம் எங்கே? இந்த இடத்தில் அறிவியல் நின்றுவிடுகிறது, நிர்வாகம் தொடங்குகிறது. மலையில் தேத்தண்ணி இடைவேளை பகல் சாப்பாட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது, இரும்புக் குளிகையை எந்த வேளையில் விழுங்கும்படி கிளினிக்கில் சொல்லப்படுகிறது, கருவாடு வாங்கும் அளவுக்கு நாட்கூலி இருக்கிறதா என்பவை எல்லாம் கட்டெச்சினைப் போலவே இரும்பின் உறிஞ்சலைத் தீர்மானிக்கும் காரணிகள். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை விலைவாசியோடு வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஈம் இரும்பு எட்டாத பண்டம் என்பது புரியும். தேயிலையின் எதிர் ஒட்சியேற்றிகளைப் பற்றிச் செலவிடும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பகுதியை, அதைப் பறிப்பவர்களின் ஈமோகுளோபினை ஆண்டுதோறும் அளந்து வெளியிடச் செலவிட்டால் நமக்கு அதிகம் தெரியவரும்.

இதைப் படிக்கும் தோட்டத்து ஆசிரியரோ, மருத்துவமாதுவோ, கிளினிக்குக்குப் போய்வரும் தாயின் பிள்ளையோ வீட்டில் சொல்ல வேண்டியது சுருக்கமானது. இரும்புக் குளிகையை வெந்நீரோடு விழுங்குங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். கல்சியக் குளிகை தந்திருந்தால் அதை வேறொரு வேளைக்கு வையுங்கள். இரவுச் சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். காலையில் முடியாதவர்களுக்கும் இரவில் இது முடியும்.